பெயரிடும் வினைகள்: ஒரு லத்தீன் சொல்லும் அதன் சொந்தங்களும்

வங்கியில் கணக்குத் தொடங்கும் படிவத்தில் 'நாமினி' என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்குப் பின் பணம் யாருக்கு என்று அதில் எழுதுகிறோம். சொத்துகள் முடக்கப்பட்ட செய்திகளில் 'பினாமி' என்ற சொல் வருகிறது. அமைச்சர் பதவி விலகினால் 'ராஜினாமா'. கோயிலில் சகஸ்ரநாம அர்ச்சனை. இணையத்தில் பெயர் சொல்லாமல் கருத்து எழுதுபவரை 'அனானி' என்கிறார்கள். இந்த ஐந்து சொற்களுக்குள்ளும் ஒரே பழஞ்சொல் ஒளிந்திருக்கிறது. நாமம் சமஸ்கிருதம் வழியாக வந்தது. பினாமி பாரசீகம், 'பே' என்றால் இல்லாமல், 'நாம்' என்றால் பெயர், ஆகவே பெயரில்லாதது. ராஜினாமாவும் பாரசீகமே, 'ராஜி' சம்மதத்தைக் குறிக்கும், 'நாமா' கடிதத்தைக் குறிக்கும், அந்த 'நாமா' பிறந்ததும் 'நாம்' என்பதிலிருந்துதான். அனானி, கிரேக்கத்தின் 'பெயரற்ற' என்னும் சொல் ஆங்கிலத்தில் புகுந்து தமிழில் சுருங்கிய வடிவம். நாமினி லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், நம் வங்கிக்கு வந்து சேர்ந்தது.

லத்தீனில் பெயருக்கு 'நோமென்' என்று சொல். அதிலிருந்து எழுந்த 'நோமினாரே' என்னும் வினைக்குப் பெயரிடு, பெயர் சொல், பெயரை முன்மொழி என்று பொருள்கள் உண்டு. நாமினியும் நாமினேஷனும் அதன் பேரப்பிள்ளைகள். பிரெஞ்சின் 'நொம்மே', ஸ்பானியத்தின் 'நொம்பிரார்' ஆகியவை நேர் வாரிசுகள். இந்த வினைக்குப் பிற மொழிகளில் உண்மையான சொந்தம் எது, வந்து ஒட்டிக்கொண்டது எது, தற்செயலாக முகம் ஒத்திருப்பது எது என்ற கேள்வி இரு நூற்றாண்டுகளாக மொழியியலில் பேசப்படுகிறது. நாமமும் நோமெனும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன என்பதோடு பெரும்பாலானோர் நின்றுவிடுகிறார்கள். அங்கே நிற்பது போதாது என்பதே என் எண்ணம். பெயர்ச்சொல் வணிகத்தோடும் வழிபாட்டோடும் ஊர் ஊராகப் போய்விடும். வினை அவ்வளவு எளிதில் பிறந்த வீட்டை விட்டு நகராது. மொழிகளின் உறவை அறிய வினையை விசாரிக்க வேண்டும்.

இது புதிய வழியல்ல. 1786 பிப்ரவரி 2 அன்று கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் முன் வில்லியம் ஜோன்ஸ் ஆற்றிய உரையில், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு பொது ஊற்றிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார். அதற்கு அவர் காட்டிய ஆதாரம் வினைகளின் வேர்களும் இலக்கண வடிவங்களும். 1816-இல் ஃபிரான்ஸ் பாப் அந்த உறவை முறைப்படி நிறுவியபோது எடுத்துக்கொண்ட பொருள் வினைத் திரிபுகள். அதே 1816-இல் சென்னையில் ஃபிரான்சிஸ் வைட் எல்லிஸ், கேம்பெல்லின் தெலுங்கு இலக்கண நூலுக்கு எழுதிய முன்னுரையில் தெலுங்கு சமஸ்கிருதத்தின் பிள்ளையல்ல, தமிழுக்கும் கன்னடத்துக்கும் உடன்பிறப்பு என்று காட்டினார். அவர் வரிசைப்படுத்தியதும் சொல் வேர்களையே. தெலுங்கில் சமஸ்கிருதச் சொற்கள் நிறைந்து கிடக்கின்றன என்பதை அவர் மறுக்கவில்லை. கடனாக வந்ததைக் கழித்துவிட்டு அடியில் இருப்பதைப் பார்க்கச் சொன்னார். இந்தோ-ஐரோப்பிய மொழி ஆய்வின் பிறப்பைப் பேசும் பலர் எல்லிஸைச் சொல்லாமல் கடப்பது எனக்கு வருத்தம். கடனையும் பிறப்பையும் பிரித்தறியும் கலையில் அவர் யாருக்கும் பின்தங்கியவரல்லர்.

முதலில் பெயர்ச்சொல்லின் குடும்பத்தைப் பார்த்துவிடலாம். சமஸ்கிருதம் நாமன், பாரசீகம் நாம், கிரேக்கம் ஒனொமா, லத்தீன் நோமென், கோதிக் நமோ, ஆர்மீனியம் அனுன், ரஷ்யன் இம்யா, வெல்ஷ் எனு, அல்பானியம் எமெர். மேற்குச் சீனத்தின் பாலைவன ஊர்களில் கிடைத்த தொகாரிய ஏடுகளில் ஞோம் என்றும் ஞேம் என்றும் இரு வடிவங்கள் உள்ளன. துருக்கியின் நடுவே களிமண் பலகைகளில் எழுதப்பட்ட ஹிட்டைட் மொழியில் லாமன். முதலெழுத்து 'ல' என்பதைக் கண்டு ஐயுற வேண்டாம். ஒரே சொல்லில் ன, ம, ன என்று மூக்கொலிகள் நெருங்கி நின்றால் அவற்றுள் ஒன்று விலகி ஒலிக்கும். அப்படி மாறியதுதான் அந்த 'ல'.

கிரேக்கத்தின் முன்னால் நிற்கும் 'ஒ' எங்கிருந்து வந்தது? லத்தீனிலும் சமஸ்கிருதத்திலும் அது இல்லை. ஆர்மீனியத்தில் 'அ' இருக்கிறது. பழைய மூலமொழியில் சொல்லின் தலையில் ஒரு தொண்டையொலி இருந்து, பின்னர் தேய்ந்து மறைந்தது என்பது இன்றைய விளக்கம். அத்தகைய மறைந்த ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று ஃபெர்தினான் த சொஸ்யூர் 1870-களின் இறுதியில் கணக்கிட்டுச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 21. ஹிட்டைட் பலகைகளைப் படிக்கும் வழியை 1915-இல் பெட்ரிச் ஹிரோஸ்னி கண்டறிந்தார். 1927-இல் போலந்து அறிஞர் யெர்சி குரிவோவிச், சொஸ்யூர் கணித்த ஒலிகளில் சில ஹிட்டைட்டில் எழுத்தாகவே நிற்கின்றன என்று எடுத்துக்காட்டினார். கண்ணால் பார்க்காத ஒன்றை இலக்கணக் கணக்கு முன்கூட்டிச் சொன்னது, பின்னால் மண்ணுக்கடியிலிருந்து அது வெளிவந்தது.

நம் சொல்லின் தலையில் இருந்தது எந்தத் தொண்டையொலி என்பதில் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. கிரேக்க 'ஒ'வை மட்டும் பார்த்தால் ஒரு விடை; ஹிட்டைட் லாமனின் தலையில் எந்தத் தடயமும் இல்லாததைப் பார்த்தால் வேறு விடை. இதில் எனக்கு வலுவாகப் படும் சாட்சி ஸ்பார்ட்டாவிலிருந்து வருகிறது. ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன் தமோனோன் என்னும் தேர்ப்பந்தய வீரர் தம் வெற்றிகளைக் கல்லில் பொறித்து வைத்தார். அதில் ஓட்டப்பந்தயங்களில் வென்ற அவர் மகனின் பெயரும் உண்டு: எனுமகிராத்திதாஸ். 'பெயர்' என்னும் சொல்லே அந்தப் பெயரின் முதல் பாதி, அது 'எ'யில் தொடங்குகிறது. ஒதுங்கிய ஒரு வட்டார வழக்கு பழைய 'எ'யைக் காத்து வைத்திருக்கிறது, மற்ற கிரேக்கம் அதை அடுத்து வந்த 'ஒ'வோடு ஒத்திசைய மாற்றிவிட்டது என்று கொள்வதே பொருத்தம்.

பெயருக்கும் அறிவுக்கும் உறவு உண்டு என்று முன்பு பலர் எழுதினார்கள். லத்தீனில் அதற்குத் தோதான சான்று போலச் சில சொற்கள் உள்ளன. ரோமானியரின் குடும்பக் கிளைப் பெயர் 'கோக்னோமென்', சிறப்புப் பெயர் 'அக்னோமென்', பெயர் இழந்த அவமானம் 'இக்னோமினியா'. இவற்றில் 'ன'வுக்கு முன் ஒரு 'க்' நிற்கிறது. அறிதலைக் குறிக்கும் வேரிலும் அதே 'க்' உண்டு. ஆனால் சமஸ்கிருதத்தைப் பாருங்கள். அறிதலின் வேர் 'ஜ்ஞா'. நமக்கு ஞானமாக வந்தது. பெயரோ நாமன், அதில் 'ஜ' சிறிதும் இல்லை. இரண்டும் ஒரே வேராக இருந்திருந்தால் நாமம் 'ஞாமம்' ஆகியிருக்கும். கிரேக்கத்திலும் ஸ்லாவிக் மொழிகளிலும் இதே பிரிவு தெளிவாக நிற்கிறது. லத்தீன்காரர்கள் 'அறியப்பட்ட பெயர்' என்று எண்ணி, அறிதல் வினையின் 'க்'கைத் தங்கள் பெயர்ச்சொல்லின் கூட்டு வடிவங்களுக்குள் இழுத்துக்கொண்டார்கள் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. நமஸ்காரத்தையும் நாமத்தையும் இணைப்பதும் இதே வகைப் பிழை. நமஸ்காரத்தின் வேர் வளைதலைக் குறிப்பது.

இனி வினைக்கு வருவோம். பெயர்ச்சொல்லிலிருந்து பெயரிடும் வினையை உண்டாக்க மூலமொழியில் ஒரு வழி இருந்தது: சொல்லின் அடியோடு 'ய' என்னும் விகுதியைச் சேர்ப்பது. ஹிட்டைட்டில் லம்னியா, கோதிக்கில் நம்ன்யன், கிரேக்கத்தில் ஒனொமாய்னோ. மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவை. ஹிட்டைட் பலகைகள் கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் ஆயிரத்தைச் சேர்ந்தவை; கோதிக் நமக்குக் கிடைப்பது கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா செய்த விவிலிய மொழிபெயர்ப்பில். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியிலும் இப்படி விகுதி உட்பட ஒத்துப்போவது கடனாக இருக்க முடியாது. ஜெர்மனின் 'நென்னென்', சுவீடிஷின் 'நெம்னா' ஆகியவை இதன் வழித்தோன்றல்கள். சுவீடனில் நகராட்சிக் குழுவுக்கு 'நெம்ன்ட்' என்று பெயர். பெயர் குறித்து அமர்த்தப்பட்டோர் என்பது அதன் அடிப்பொருள். டச்சு மொழியின் 'நூமென்' மட்டும் நெடிலோடு நிற்கிறது. லத்தீன் நோமெனிலும் சமஸ்கிருத நாமனிலும் காணும் நெடிலின் எதிரொலி அதில் கேட்கிறது.

லத்தீனின் நோமினாரே இந்த மூவர் அணியில் இல்லை. அது 'ஆ' விகுதி சேர்த்து லத்தீன் தன் வீட்டிலேயே பின்னாளில் செய்துகொண்ட வினை. நோமென் பழம்பொருள், அதிலிருந்து கிளைத்த நோமினாரே ரோமின் சொந்த ஆக்கம். ஒலி ஒற்றுமையைக் கண்டு நோமினாரேயையும் நென்னெனையும் இரட்டையர் என்று சொல்லும் அகராதிக் குறிப்புகள் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகின்றன. தாய் ஒன்று, பிறந்த வீடு வேறு.

பழைய லத்தீனின் உண்மையான செல்வம் இன்னொரு வினையில் இருக்கிறது: நுங்குபாரே. நோமென் என்பதும் 'காபெரே', அதாவது கையில் எடுத்தல், என்பதும் சேர்ந்து இறுகிப் பிறந்த சொல். பெயரை எடுத்துச் சொல்லுதல். இதே அச்சில் 'கை' என்னும் சொல்லும் எடுத்தலும் சேர்ந்து 'மங்கிபியும்' ஆனது. பொருளைக் கையால் பற்றி உரிமையாக்கிக்கொள்ளும் சடங்கு அது. கி.மு. 451-450 ஆண்டுகளுக்கு உரியதாகச் சொல்லப்படும் பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் இந்த இரண்டும் ஒரே விதியில் அருகருகே வருகின்றன. கடன் பிணைப்போ கைப்பற்றும் சடங்கோ செய்யும்போது நா எதைப் பெயர் சொல்லி அறிவிக்கிறதோ அதுவே சட்டம் என்பது அவ்விதியின் கருத்து. ஒரு கை எடுக்கிறது, ஒரு நா எடுக்கிறது. எழுத்து பரவாத ஊரில் ஒப்பந்தத்தின் உயிர் உரக்கச் சொன்ன பெயரில் இருந்தது.

போருக்குப் புறப்படும் ரோமின் ஆட்சித் தலைவரான கான்சல், கேப்பிட்டல் குன்றின் மேல் நின்று தெய்வத்துக்கு நேர்த்திக்கடன் சொல்வதற்கும் இதே வினைதான். உயில் எழுதுவதிலும் அதுவே மையம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் கையுஸ் அந்தச் சடங்கை விவரிக்கிறார். ஐந்து சாட்சிகள், தராசு பிடிக்கும் ஒருவர், குடும்பச் சொத்தைப் பெயரளவில் வாங்கிக்கொள்ளும் ஒருவர் ஆகியோர் கூடுவார்கள். உயில் செய்பவர் மெழுகுப் பலகைகளைக் கையில் ஏந்தி, இதில் எழுதியபடியே கொடுக்கிறேன் என்று உரக்க அறிவித்துச் சாட்சிகளை அழைப்பார். அந்த அறிவிப்பின் பெயர் நுங்குபாத்தியோ. பின்னாளில் எழுத்தே இல்லாமல் வாய்மொழியாக மட்டும் செய்யும் உயிலுக்கு இப்பெயர் நிலைத்தது. இங்கிலாந்தில் 1677-இல் வந்த சட்டம் அத்தகைய உயில்களுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. ஆனாலும் படைவீரருக்கும் மாலுமிக்கும் சலுகை தொடர்ந்தது. அந்த மரபு நம் நாட்டிலும் இருக்கிறது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 65, 66 ஆகிய பிரிவுகளின்படி, போரில் ஈடுபட்டிருக்கும் வீரரும் கடலில் இருக்கும் மாலுமியும் 18 வயது நிறைந்திருந்தால், இரு சாட்சிகள் முன் வாயால் சொல்லியே உயில் செய்யலாம். அந்த நிலை நீங்கிய பின் அவர் உயிரோடிருந்தால் ஒரு மாதத்தில் அது செல்லாமல் போகும். சாவின் வாசலில் நிற்பவனின் குரலுக்கு மட்டும் எழுத்தின் மதிப்பைக் கொடுத்த இந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பழைய வினையின் எடை எனக்குத் தெரிகிறது.

ரோமில் பெயர் எத்தனை வேலை செய்தது என்று பார்த்தால்தான் அதற்கு ஏன் இத்தனை வினைகள் தேவைப்பட்டன என்று விளங்கும். நோமென் என்றால் கடன் என்றும் பொருள், ஏனென்றால் கணக்கேட்டில் கடன் வாங்கியவன் பெயரே பதிவு. பெயர் கொடுத்தல் என்றால் படையில் சேர்தல். ஒருவன் பெயரை அதிகாரியிடம் கொண்டுபோதல் என்றால் அவன்மேல் குற்றம் சாட்டுதல். லத்தீன் பெயர் என்றால் லத்தீன் மக்கள் அனைவரும். இந்தக் கடைசி வழக்கு ரோமுக்கு மட்டும் உரியதல்ல. நடு இத்தாலியின் குப்பியோ நகரில் கிடைத்த ஏழு வெண்கலத் தகடுகள் உம்பிரிய மொழியில் எழுதப்பட்டவை. அந்தச் சடங்குப் பாடங்களில் பூசாரி ஊரின் கோட்டைக்காகவும் நகரத்துக்காகவும் வேண்டும்போது அவற்றின் 'பெயரையும்' சேர்த்தே வேண்டுகிறார். அங்கே பெயர் என்பது அதைத் தாங்கும் மக்கள் கூட்டம்.

பெயரை விட்டு அழைத்தலுக்குப் போனால் லத்தீனில் மேலும் மூன்று வினைகள் எதிர்ப்படும். 'கலாரே' என்பது கூவி அறிவித்தல். ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் கேப்பிட்டல் குன்றில் பூசாரி ஒருவர், மாதத்தின் அடுத்த முக்கிய நாள் ஐந்தாம் நாளா ஏழாம் நாளா என்று கூவிச் சொல்வார். அதனால் மாதத்தின் முதல் நாள் 'கலெண்டே' ஆயிற்று. வட்டி கட்ட வேண்டியதும் அன்றைக்கே என்பதால் கடன் கணக்கேடு 'கலெண்டாரியும்'. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் அதிலிருந்து வந்தது. காலம் என்ற சொல்லோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வேட்பாளரின் காதில் எதிரே வருபவரின் பெயரைச் சொல்லும் அடிமைக்கு 'நோமென்கிலாத்தோர்' என்று பெயர். அந்தச் சொல்லின் பின்பாதியும் இந்தக் கூவும் வினையே. 'வொகாரே' என்பது குரல் கொடுத்து அழைத்தல். அது சமஸ்கிருத வாக்கின் சொந்தம், ஆகவே நீதிமன்றத்தின் அட்வகேட்டும் நாம் கொடுக்கும் வாக்கும் தூரத்து உறவினர். அட்வகேட்டின் இடத்தில் நாம் சொல்லும் வக்கீலோ அரபு. பொறுப்பு ஒப்படைத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. 'அப்பெல்லாரே' ஒருவரை நோக்கிப் பேசுதல், முறையிடுதல், பெயர் சொல்லி விளித்தல். அதன் வாரிசு மேல்கோர்ட்டு அப்பீல்.

நுங்குபாரேக்கு அடுத்து என்னை அதிகம் ஈர்ப்பது ஒற்றைச் சொல்லாக அமையாத ஒரு வினை. சமஸ்கிருதத்தில் பெயரிடுவதற்கு மூத்த வழக்கு, நாமன் என்பதோடு 'தா' என்னும் வேரைச் சேர்ப்பது. இந்த 'தா' கொடுத்தலைக் குறிக்கும் 'தா' அல்ல. வைத்தலைக் குறிக்கும், மூச்சு கலந்த 'தா'. பெயரை வை என்பது பொருள். ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் வாக்கைப் பற்றிப் பேசும் 71-ஆம் பாடலின் தொடக்கத்திலேயே 'நாமதேயம்' என்ற சொல் வருகிறது. பெரியவர்களிடம் பெயர் கேட்கும்போது 'தங்கள் நாமதேயம்?' என்று நம்மூரில் பணிவாகக் கேட்பார்களே, அதே சொல். கிரேக்கத்தில் ஒனொமாவோடு வைத்தலைக் குறிக்கும் வினை சேர்ந்து வரும். அந்த வினையும் 'தா'வின் உடன்பிறப்பு. ஹிட்டைட்டில் லாமன் என்பதோடு 'தாயி' என்ற வினை. அதுவும் அதே வேர். மூன்று மொழிகளிலும் பெயர்ச்சொல்லும் ஒன்று, வினையும் ஒன்று, இரண்டையும் கோத்த கோவையும் ஒன்று.

கதைகளில் இந்தத் தொடர் எப்படி வாழ்கிறது என்று பார்ப்பது இன்பம். ஹோமரின் ஒடிசியில் 19-ஆம் பகுதியில், பிறந்த குழந்தையைச் செவிலி யூரிக்கிளையா தாய்வழிப் பாட்டன் அவுத்தோலிகோஸின் மடியில் வைத்து, நீங்களே ஒரு பெயர் கண்டு வையுங்கள் என்கிறாள். அவர் பலர்மேல் சினம் கொண்டவராக அங்கே வந்திருந்ததால் அதை நினைவுறுத்தும் ஒடிசியூஸ் என்ற பெயரை வைக்கிறார். ஹிட்டைட் கதை ஒன்றில் அப்பு என்னும் செல்வனுக்கு நெடுநாள் பிள்ளையில்லாமல் பின் மகன் பிறக்கிறான். மருத்துவச்சி குழந்தையை எடுத்து அப்புவின் முழங்கால்மேல் வைக்க, அவன் பெயர் வைக்கிறான். மூத்தவனுக்குத் தீயவன் என்றும் இளையவனுக்கு நல்லவன் என்றும் பொருள்படும் பெயர்கள். மடியில் வைத்துப் பெயரிடும் வழக்கம் மேற்காசியாவில் மொழி கடந்து பரவியிருக்கலாம்; ஹிட்டைட் ஏடுகளில் ஹுர்ரிய மக்களின் கதைகளும் நிறைய உள்ளன. ஆகவே சடங்கை வைத்து உறவு பேசமாட்டேன். சொல்லை வைத்துப் பேசலாம், ஏனெனில் இரு கதைகளிலும் தொடரின் இரு உறுப்புகளும் ஒலி விதிப்படி ஒத்துப்போகின்றன.

லத்தீனில் இந்தத் தொடர் அழிந்துவிட்டதா? நோமினாரேயை மட்டும் நோக்கினால் அப்படித்தான் தோன்றும். ஆனால் லத்தீனில் 'நோமென் இண்டெரே' என்று ஒரு தொடர் உண்டு. ரோமானிய எழுத்தாளர்கள் ப்ளாட்டஸ், லிவி, டாசிட்டஸ் எல்லோரும் ஆண்டிருக்கிறார்கள். அகராதி அதற்குப் பெயர் வைத்தல் என்று பொருள் எழுதிவிட்டு மேலே போய்விடும். 'இண்டெரே'யின் பின்பாதி பார்வைக்குக் கொடுத்தலைக் குறிக்கும் லத்தீன் வினை போலவே தெரியும். ஆனால் உள்ளே வைத்தல், ஒன்றுசேர்த்து வைத்தல், மறைத்து வைத்தல் எனப் பொருள்படும் இத்தகைய கூட்டு வினைகளில் இருப்பது வைத்தல் வேர் என்பது மொழியியலாளரின் முடிவு. ஒலி மாற்றத்தால் இரண்டு 'தா'க்களும் லத்தீனில் ஒன்றாகக் கலந்துபோயின. பொருள் மட்டும் கலக்காமல் நின்றது. அப்படியானால் நாமதேயத்துக்கு நேர் எதிரே லத்தீனில் நிற்பது நோமினாரே அல்ல, இந்தத் தொடர்தான். ப்ளாட்டஸின் மெனாய்க்மி நாடகத்தின் முன்னுரையில் ஒரு பாட்டன், களவுபோன பேரன் மேல் வைத்த பாசத்தால் வீட்டில் எஞ்சிய இரட்டையனுக்கு அவன் பெயரையே வைக்கிறான். அங்கே வரும் வினை இதுவே. கிறிஸ்துவுக்கு முன் 200-ஐ ஒட்டி ரோமின் மேடையில் மக்கள் கேட்ட அந்தச் சாதாரண வழக்கில் வேதத்தின் வினையும் ஹோமரின் வினையும் கலந்திருந்தன.

தமிழன் இங்கே உடனே கேட்பான்: நாமும் பெயர் 'வை'க்கிறோம், பெயர் 'இடு'கிறோமே? உண்மைதான், கருத்து ஒன்றே. ஆயினும் பெயர், வை, இடு ஆகிய மூன்றில் எதுவும் நோமெனோடும் 'தா'வோடும் ஒலி விதியால் இணையாது. பெயரை ஒரு பொருள்போல் எடுத்து ஒருவர்மேல் வைப்பதாக எண்ணுவது மனிதருக்கு இயல்பு. அதற்கு இனவுறவு வேண்டியதில்லை. இலக்கணத்திலும் இதே ஒற்றுமை உண்டு. லத்தீன் இலக்கணக்காரர்கள் பெயர்ச்சொல்லையும் நோமென் என்றே சொல்லி, முதல் வேற்றுமைக்குப் 'பெயரிடும் வேற்றுமை' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். தொல்காப்பியமும் முதல் வேற்றுமையைப் பெயர் என்றே குறிக்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதல்ல.

மலாய் மொழியில் பெயருக்கு 'நாமா' என்று சொல். மலேசியத் தமிழர்கள் தினமும் கேட்கும் சொல் அது. சமஸ்கிருதத்திலிருந்து கடலேறிப் போனது. ஆனால் பெயரிடு என்று சொல்ல மலாய் சமஸ்கிருத வினையை வாங்கவில்லை. தன் சொந்த முன்னொட்டும் பின்னொட்டும் சேர்த்து 'மெனாமாய்', 'மெனாமாக்கான்' என்று செய்துகொண்டது. தமிழும் அப்படியே. நாமகரணத்துக்குச் 'செய்' துணை வேண்டும். நாமினேட்டுக்குப் 'பண்ணு' துணை வேண்டும். வெறுமனே 'நாமினேட்டினார்' என்று எவரும் சொல்வதில்லை. வந்த சொல்லின் மேல் வினைமுற்றை ஏற்ற நம் மொழி மறுக்கும் அந்த இடத்தில் கடன் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது.

ஜப்பானியத்தில் பெயர் 'நா', பேச்சில் 'நமாயே'. பின்னதில் 'மாயே' என்பது முன்புறம் என்னும் தனிச்சொல். நாமத்தோடு ஒத்திருப்பது முழுக்கத் தற்செயல். ஃபின்னிஷ் மொழியின் 'நிமி', ஹங்கேரியத்தின் 'நேவ்' ஆகியவை கடினமான வழக்கு. யூராலிய மொழிக் குடும்பம் முழுவதும் இச்சொல் பரவியிருப்பதால் அண்மைக்காலக் கடன் என்று தள்ள முடியாது. மிகப் பழைய கடன் என்கிறது ஒரு தரப்பு. இரு குடும்பங்களுக்கும் பொதுவான முன்னோர் ஒன்று இருந்ததற்கு அடையாளம் என்கிறது இன்னொரு தரப்பு. தற்செயல் என்று ஒதுக்குவோரும் உண்டு. ஒரே ஒரு பெயர்ச்சொல்லை நம்பிக் குடும்பத்துக்குக் குடும்பம் பாலம் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

எல்லிஸ் காட்டிய வழியில் நம் பெயரையும் ஒருமுறை விசாரிக்கலாம். தமிழில் பெயர், பேர்; மலையாளத்தில் பேர்; தெலுங்கில் பேரு; கன்னடத்தில் முன்பு பெசர், இப்போது ஹெசரு; துளுவில் புதர். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி, இவற்றோடு பிராகூயி மொழியின் 'பின்' என்னும் சொல்லையும் ஜார்க்கண்டைச் சுற்றிப் பேசப்படும் குடுக் மொழியின் 'பிஞ்ச்' என்னும் வினையையும் சேர்த்து ஒரே பதிவில் வைக்கிறது. அந்த வினைக்குப் பெயரிடு என்று பொருள். தென்னாட்டு வடிவங்களில் எங்கும் இல்லாத ஒரு மூக்கொலி வடக்கே அதில் நிற்கிறது. பெயருக்கு உள்ளே முன்பு ஒரு மூக்கொலி இருந்து பின்னர் உதிர்ந்தது என்று எண்ண இடம் தருவது, தமிழ் வழங்கும் நிலத்துக்கு வெகு தொலைவில் சோட்டா நாகபுரியின் மக்கள் இன்றும் ஆளும் அந்த வினை.